கை வைத்துப் பார்த்த குழாய்கள்

மைசூருக்கு மின்விளக்கு வந்தது 1908-இல். குழாய்த் தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டது. மகாராணி கெம்பநஞ்சம்மணி, சிறுவனாக இருந்த மகன் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்காக ஆட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த 1890-களின் பிற்பகுதியில், அவருடைய பட்டப்பெயரைத் தாங்கி வாணி விலாஸ் வாட்டர் வொர்க்ஸ் எழுந்தது. காவிரிக் கரையில் பெலகொளவில் தண்ணீரை ஏற்றி, ஊரின் மேடான யாதவகிரிக்குத் தள்ளி, அங்கிருந்து தெருக்களுக்கு இறக்கினார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1897-98-இல், மாஸ்கோவின் அலெக்ஸேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் நிகொலாய் ஜுகோவ்ஸ்கி என்ற பேராசிரியர், நகரின் தண்ணீர்க் குழாய்கள் ஏன் வெடிக்கின்றன என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஓடுகிற தண்ணீரை வால்வு மூடி நிறுத்தும்போது ஓர் அழுத்த அலை பிறக்கிறது. அது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் குழாய்க்குள் போய்த் திரும்புகிறது என்று அவர் அளந்து காட்டினார். கணக்கு எளிதுதான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரை இரும்புக் குழாயில் ஒரேயடியாக நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தோடு நூறு மீட்டருக்கும் மேலான நீர்த்தூணின் அழுத்தம் வந்து சேரும். பத்துக் கிலோமீட்டர் குழாயில் அந்த அலை போய்த் திரும்ப இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடிக்குள் மூடுகிற எந்த வால்வும், அந்தக் குழாயைப் பொறுத்தவரை, சட்டென மூடிய வால்வுதான்.

அன்றைய வால்வுகளை அப்படி மூட யாராலும் முடியாது. பெரிய கை சக்கரத்தை இரண்டு பேர் பிடித்து, மூச்சு வாங்க, சுற்றிச் சுற்றி இறக்குவார்கள். ஆற்றோரத்திலிருந்து ஊர்வரை போன குழாய்கள் வார்ப்பிரும்பு. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி, உளியால் அடித்து இறுக்குவார்கள். கனமான குழாய், மண்ணுக்குள் புதைந்த குழாய், மெதுவான வால்வு. அதிர்வு வந்தாலும் அதைத் தின்றுவிட மண்ணும் எடையும் இருந்தன.

சிவசமுத்திரத்தில் நிலைமை வேறு. திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கிவைத்து, ஜோலி டி லொட்பினியேர் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த நீர்மின் நிலையத்திலிருந்து 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. தடத்தின் நீளம் 147 கிலோமீட்டர். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று. அங்கே ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து தண்ணீர் எஃகுக் குழாய்களில் நேராகக் கீழே விழுகிறது. ஜுகோவ்ஸ்கியின் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள்: 400 அடி என்பது சுமார் 120 மீட்டர். டர்பைனுக்குப் போகும் தண்ணீரில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை மட்டும் திடீரென்று நிறுத்தினாலும், குழாயின் அடியில் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். மலைச்சரிவில் இறங்கும் இத்தகைய குழாய்களை இடையிடையே பெரிய கல், கான்கிரீட் பீடங்களில் பூட்டுவதும், டர்பைனின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவி நீர்வாயை மெல்ல மூடும்படி அமைப்பதும் இந்தக் காரணத்தாலும்தான். குழாய் நகரக் கூடியது, உதைக்கக் கூடியது என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தே கட்டியது.

மைசூரின் முதல் ஆலைகளும் இதே மனப்பாங்கில் எழுந்தவை. மானந்தவாடி ரோட்டில் பட்டு நெசவு ஆலை 1912-இல் வந்தது. முதல் உலகப் போரின்போது சந்தனக் கட்டையை ஜெர்மனிக்கு அனுப்ப முடியாமல் போகவே, விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலத்தில் சந்தன எண்ணெயை இங்கேயே வடிக்கத் தொடங்கினார்கள். சந்தனத் தூளுக்குள் நீராவியைச் செலுத்தி எண்ணெயைப் பிரிக்கும் வேலை அது. பாய்லர், ஸ்டீம் லைன், கண்டன்சர். நீராவி ஓடும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் தங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்தக் கால பாய்லர் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். நீராவி வினாடிக்கு இருபத்தைந்து, முப்பது மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் தேங்கிய தண்ணீரை ஒரு கட்டியாகத் திரட்டித் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வளைவில் அறையும். குழாய் அதன் தாங்கியிலிருந்து எகிறும். வார்ப்பிரும்பு வால்வு இரண்டாகப் பிளக்கும். ஆகவே லைனைத் திறக்கும் முன் அடியில் தண்ணீர் வடியும் ட்ரெயினைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீராவி விட்டு, குழாய் சூடாகி, ட்ரெயினில் தண்ணீர் நின்று வெறும் ஆவி வரும்வரை காத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஆனாலும் காத்திருப்பார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருந்தது. அதைக் கையால் பிய்த்து, கையால் சுற்றினார்கள். கம்ப்ரசர் ஹவுஸில் காலமெல்லாம் நின்றவர்கள் காது கேளாமல் ஓய்வு பெற்றார்கள். எந்தக் குழாய் எப்போது விரிந்தது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அது ஒருவர் நினைவில் இருந்து அவரோடு போனது. ஆனால் ஒன்று உண்மை. அன்றைய குழாய் தேவைக்கு மேல் தடிமனாக இருந்தது. இயந்திரம் மெதுவாக ஓடியது. ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மூன்றும் சேர்ந்து தவறுகளைப் பொறுத்துக்கொண்டன.

தங்கவயலில் வேலை கற்ற ஒரு ஃபிட்டரிடம்தான் நான் குழாயைப் பார்க்கக் கற்றேன். சுரங்கத்துக்குள் பாறையைத் துளைக்கும் டிரில்கள் அழுத்தக் காற்றில் ஓடின. அதற்கான கம்ப்ரசர்கள் மேலே. அந்தக் காற்றுக் குழாய்களோடு வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்தக் கைத்திறன் பெங்களூரு, மைசூரு, ஓசூர் என்று சிதறியது. எங்கள் ஆலைக்கு வந்த இந்தப் பெரியவர் ஷிஃப்ட் தொடங்கியதும் லாக் ஷீட்டைப் பார்க்க மாட்டார். நேராக லைனோரம் நடப்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பார். பிறகு குழாயின் மேல் புறங்கையை வைப்பார். உள்ளங்கை காய்ப்பு ஏறிப்போனது, அதற்குத் தெரியாது என்பார். கிளாம்ப் போல்ட்டுகளில் சாக்பீஸால் நட்டிலிருந்து தகடுவரை ஒரே கோடு இழுத்து வைப்பார். மறுநாள் கோடு முறிந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது, அதாவது அந்த இடம் ஆடுகிறது.

"பெரிய லைன் ஆடினா பரவாயில்ல சார்," என்பார். "அது தன்னால நிக்கும். அதுமேல உக்காந்திருக்கற சின்னது ஆடக் கூடாது."

இந்த ஒரு வாக்கியத்தில் குழாய் அதிர்வு பற்றிய பாதிப் பொறியியல் இருக்கிறது. பெரிய குழாயிலிருந்து கிளையாக வெளியே வரும் முக்கால் அங்குல, ஒரு அங்குலக் குழாய்களே பெரும்பாலும் முதலில் உடைகின்றன. பிரஷர் கேஜுக்கான இணைப்பு, காற்று விடும் வென்ட், அடியில் வடியும் ட்ரெயின். ஒரு விரல் நீளக் குழாய், அதன் நுனியில் ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள வால்வு, அதற்கும் மேல் கேஜ். தாய்க்குழாய் கொஞ்சம் அசைந்தால் நுனியில் உள்ள எடை பெரிதாக ஊசலாடும். அந்த ஊசலின் முழுச் சுமையும் அடியிலுள்ள வெல்டிங்கின் ஓரத்தில் வந்து விழும். வட கடலின் பிரிட்டிஷ் பகுதியில் உள்ள எண்ணெய் மேடைகளில் நிகழ்ந்த கசிவுகளை அந்நாட்டுப் பாதுகாப்பு ஆணையம் வகைப்படுத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அதிர்வாலும் அதனால் வந்த களைப்பு முறிவாலும் ஏற்பட்டவை என்று தெரிந்தது.

களைப்பு முறிவு என்றால் என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது, திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும். எஃகுக்குள்ளும் அதுவே நடக்கிறது, ஆனால் வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எண்ணிக்கை நம்ப முடியாத அளவு பெரியது. நம் ஊரின் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 25. ஒரு சுற்றுக்கு ஓர் அசைவு என்று வைத்தாலும் ஒரு நாளில் இருபத்தொரு லட்சத்துக்கு மேல். ஒரு கோடி அசைவுகளை எட்ட ஐந்து நாள் போதும். ஆயிரம் முறை அழுத்தம் ஏற்றி இறக்கினாலும் தாங்கும் வெல்டிங், இந்த எண்ணிக்கையில் ஒரே வாரத்தில் விரியலாம். ஆகவேதான் புதுக் குழாயைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி நடத்தும் ஹைட்ரோ டெஸ்ட், அதிர்வைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தச் சோதனையில் குழாய் அசையாமல் நிற்கிறது.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகிறது. பழைய பிஸ்டன் கம்ப்ரசர் நிமிடத்துக்கு இருநூறு சுற்று ஓடினால், குழாயின் ஆட்டம் வினாடிக்கு மூன்று முறை. கண்ணுக்குத் தெரியும், பயமாகவும் இருக்கும், உடனே யாராவது ஒரு தாங்கி போடுவார்கள். இன்றைய பம்புகளின் துடிப்பு வேறு விதம். உள்ளே இருக்கும் இம்பெல்லரில் ஐந்து சிறகு இருந்தால், ஒரு சுற்றுக்கு ஐந்து துடிப்பு. வினாடிக்கு நூற்றுக்கும் மேல். மூன்று ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடும் குழாயும், நூறு ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு ஆடும் குழாயும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஆடுகின்றன. உலோகத்தைச் சோதிப்பது அந்த வேகம். முதலாவதைப் பார்த்தால் பதறுவோம். இரண்டாவது நம் கண்ணுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

இதற்கிடையில் குழாய் மெலிந்துவிட்டது. மைசூரைச் சுற்றி 1960-களில் தொடங்கி ஆலைகள் பெருகின. யாதவகிரியில் ஜாவா மோட்டார்சைக்கிள், கே.ஆர்.எஸ். ரோட்டில் விக்ராந்த் டயர், பின்னர் ஹெப்பால், ஹூட்டகள்ளி, கூர்கள்ளி, தெற்கே நஞ்சன்கூடு என்று பேட்டைகள் நீண்டன. உணவு, மருந்து, காகிதம் என்று வந்த புதிய ஆலைகளில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் குழாய்கள். நான்கு அங்குலக் குழாய் ஒன்றின் சுவர், வழக்கமான கார்பன் ஸ்டீலில் ஆறு மில்லிமீட்டர். ஸ்டெயின்லெஸில் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர். துரு இல்லை என்பதால் தடிமன் தேவையில்லை என்பது நியாயமான கணக்குதான். ஆனால் அந்தக் கூடுதல் மூன்று மில்லிமீட்டர் துருவுக்கு மட்டும் அல்ல, ஆட்டத்துக்கும் சேர்த்தே தாங்கிக்கொண்டிருந்தது.

தாங்கிகளும் விலகிப் போயின. ஒரு குழாயின் இயல்பான அதிர்வெண், தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தூரத்தை இரட்டித்தால் அதிர்வெண் நான்கில் ஒன்றாக விழும். பம்பின் சுற்றுவேகத்துக்கு அருகே வந்துவிடும். அதற்கு மேல் உற்பத்தி உயர்வு. இருக்கும் குழாயிலேயே இருபது சதவீதம் கூடுதலாக ஓட்டுவோம் என்று முடிவெடுப்பது எல்லா ஆலையிலும் நடக்கிற ஒன்று. குழாயை உலுக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருபது சதவீத ஓட்டம் கூடினால் உலுக்கல் நாற்பத்து நான்கு சதவீதம் கூடும். வால்வுகளோ இப்போது காற்றில் இயங்குகின்றன. பட்டனைத் தட்டினால் ஒரு வினாடியில் மூடும் பட்டர்ஃப்ளை வால்வுகள். ஜுகோவ்ஸ்கி பயந்தது இதைத்தான்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு, அது மின்சாரம் சேமிக்க வந்தது. முன்பு பம்ப் ஒரே வேகத்தில் ஓடும். தண்ணீர் அதிகமானால் வால்வைத் திருகுவார்கள். இப்போது தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தையே மாற்றும் டிரைவ் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தால் மின்கட்டணம் வெகுவாகக் குறைகிறது. நல்ல விஷயம், நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் ஒரே வேகத்தில் ஓடிய பம்ப் தன் லைனோடு பல வருடம் ஒத்துப்போயிருக்கும். எல்லா வேகத்திலும் ஓடத் தொடங்கினால், எங்கோ ஓர் இடத்தில் அது குழாயின் இயல்பான அதிர்வெண்ணைத் தொட்டே தீரும்.

எங்கள் பகுதியில் ஓர் ஆலையில் இதை நான் நேரில் பார்த்தேன். சுடுதண்ணீர் பம்புக்கு டிரைவ் பொருத்தியிருந்தார்கள். பகலில் எந்தப் பிரச்சினையும் இல்லை. இரவில் தேவை குறைந்து, பம்ப் 38 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும்; வினாடிக்குப் பத்தொன்பது சுற்று. அந்த வேகத்தில் டிஸ்சார்ஜ் லைனின் மேல் இருந்த பிரஷர் கேஜ் மட்டும் ஆடியது. எவ்வளவு ஆடியது என்றால், கேஜின் முள்ளைப் படிக்க முடியாது. கண்ணாடிக்குள் மங்கலான ஒரு விசிறி தெரியும். அதன் அடியில் லைனைக் கட்டியிருந்த யூ போல்ட் குழாயில் உராய்ந்து நகக்கண் அளவு பள்ளம் பறித்திருந்தது. பள்ளத்தைச் சுற்றிச் செம்புழுதியாக இரும்புப் பொடி. ஓர் இரவு அந்த இணைப்பு வெல்டிங்கோடு முறிந்து, சுடுதண்ணீர் கூரைவரை அடித்தது. அந்த நேரம் அங்கே ஆள் இல்லை. உடைந்த முகத்தை மறுநாள் கையில் எடுத்துப் பார்த்தோம். விரிசல் தொடங்கிய இடத்திலிருந்து கடற்கரையில் அலை விட்டுப்போகும் வரிகளைப்போல மெல்லிய வளைகோடுகள் பரவியிருந்தன. முக்கால்வாசிப் பரப்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கடைசியில் உடைந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பு. விரிசல் பல நாட்களாக மெல்ல நடந்து வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தப் பம்பின் அதிர்வு அளவுகளை ஒழுங்காக எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். எல்லாம் பச்சை. அளந்தது பம்பின் பேரிங்கை. குழாயை யாரும் அளக்கவில்லை, ஏனென்றால் குழாய்க்கு அட்டவணையில் இடமே இல்லை.

தீர்வு சிறியதுதான். கேஜின் வால்வைத் தாய்க்குழாயோடு சேர்த்து ஒரு தகட்டால் கட்டினார்கள். பக்கத்துத் தூணோடு கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் சூட்டில் தாய்க்குழாய் நகரும்போது சின்னக் குழாய் இழுபட்டு உடையும். டிரைவிலும் அந்த வேகத்தில் தங்காமல் தாண்டிப் போகும்படி அமைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தங்கவயல்காரர் இருந்திருந்தால், மங்கலாகத் தெரிந்த முள்ளைப் பார்த்த முதல் இரவே கத்தியிருப்பார்.

சின்ன உடைவு என்று இதை விட்டுவிட முடியாது. 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் இரண்டு சிறகுகள் களைப்பில் முறிந்தன. சமநிலை இழந்த டர்பைன் கடுமையாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயுவின் குழாய்கள் அந்த அதிர்வில் விட்டுப்போயின. ஹைட்ரஜன் தீப்பிடித்தது, மசகெண்ணெயும் சேர்ந்து எரிந்தது, தீ கேபிள்களில் பரவி நிலையத்தின் மின்சாரம் முழுவதும் போனது. ஏறத்தாழ பதினேழு மணி நேரம் இருள். பணியாளர்கள் டார்ச் விளக்கோடு மேலே ஏறிச் சென்று, அணுப்பிளவு வினை திரும்பத் தொடங்காமல் இருக்க போரான் கரைசலைக் கையால் வால்வு திறந்து செலுத்தினார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை, உயிரிழப்பும் இல்லை. இந்திய அணுமின் வரலாற்றில் மிகக் கடுமையான விபத்துகளுள் அது ஒன்று. தொடக்கம் இரண்டு சிறகு. இடையில் நின்றவை குழாய்கள்.

ஜப்பானின் மொஞ்சு உலை வேறொரு பாடம். 1995 டிசம்பர் 8 அன்று அங்கே திரவ சோடியம் ஓடும் குழாயில் வெப்பமானிக்கான உறை ஒன்று உடைந்து, கசிந்த சோடியம் காற்றில் எரிந்தது. பம்ப், கம்ப்ரசர் எதுவும் காரணம் அல்ல. குழாய்க்குள் துருத்திக்கொண்டிருந்த அந்த உறையைக் கடந்து போகும் திரவம், அதன் பின்னால் சுழிகளை உதிர்த்தது. ஒவ்வொரு சுழியும் உறையை ஓர் அசைவு அசைத்தது. இந்தச் சுழிகளின் கணக்கை செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878-லேயே கொடுத்துவிட்டார்: வேகத்தை விட்டத்தால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் அதிர்வெண். வினாடிக்கு முப்பது மீட்டர் ஓடும் நீராவிக்குள் இருபது மில்லிமீட்டர் உறை இருந்தால் வினாடிக்கு முந்நூறு சுழி. நம் ஆலைகளின் ஸ்டீம் லைன்கள் பலவற்றிலும் இப்படி ஓர் உறை துருத்திக்கொண்டிருக்கிறது. மொஞ்சு உலை 2010-இல் மீண்டும் ஓடத் தொடங்கியும் நிலைக்கவில்லை. 2016 டிசம்பரில் அதை நிரந்தரமாக மூட அரசு முடிவெடுத்தது. கல்பாக்கத்தில் நம்மிடம் இருப்பதும் சோடியம் ஓடும் உலைகள் என்பதால், அங்குள்ள ஆய்வு மையம் ஓட்டத்தால் வரும் அதிர்வைத் தனித் துறையாகவே எடுத்துக்கொண்டு சோதிக்கிறது.

இப்படி ஓட்டமே குழாயை ஆட்டும் வழிகள் இன்னும் உண்டு. மூடிக்கிடக்கும் கிளைக் குழாயின் வாயைக் கடந்து நீராவி போகும்போது அது புல்லாங்குழல்போல ஒலிக்கத் தொடங்கும். அந்த ஒலி தாய்க்குழாய் முழுவதும் நிற்கும். அழுத்தத்தைச் சட்டென இறக்கும் வாயு வால்வுக்குப் பின்னால் எழும் இரைச்சல், சுவர் மெலிந்த பெரிய குழாயைச் சில மணி நேரத்திலேயே பிளந்துவிடக் கூடும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் போதாமல் குமிழிகள் உண்டாகி உடைந்தால், உள்ளே ஜல்லிக்கல் ஓடுவதுபோல் கேட்கும். அதை மட்டும் இன்றைய இளைஞர்களும் காதாலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மைசூரின் தண்ணீர் வேலையும் பெரிதாகிவிட்டது. பெலகொளவோடு ஹொங்கள்ளி, மேளாபுரா நிலையங்களும், தெற்கே கபினியிலிருந்து பிதரகோடு நிலையமும் சேர்ந்துதான் இன்று ஊருக்குத் தண்ணீர் தருகின்றன. ஆற்றிலிருந்து மேட்டுக்குத் தள்ளும் எந்த நீளக் குழாய்க்கும் மிகக் கடினமான நேரம் மின்சாரம் போகும் கணம். பம்ப் நின்றுவிடும், மேலே போய்க்கொண்டிருந்த நீர்த்தூண் கொஞ்ச தூரம் தன் வேகத்தில் போய், நின்று, திரும்பி வந்து மூடியிருக்கும் வால்வில் மோதும். அதைத் தாங்க காற்றுக்கலன், வேகமற்ற நிலையில் மூடும் வால்வு, காற்று உள்ளிழுக்கும் வால்வு என்று பலதையும் வைக்கிறார்கள். கணினியில் அந்த அலையை வினாடியின் நூறில் ஒரு பங்காகப் பிரித்துப் பார்த்து வடிவமைக்கிறார்கள். அன்று இரண்டு பேர் மூச்சு வாங்கச் சுற்றிய சக்கரத்தின் இடத்தில் இன்று கணக்கு இருக்கிறது. இந்த இடத்தில் இன்றைய நிலை அன்றையதைவிடத் தெளிவாக மேல்.

கருவிகளும் அப்படித்தான். தீப்பெட்டி அளவுள்ள உணரியைக் காந்தத்தால் ஒட்டினால் குழாயின் துடிப்பைக் கைப்பேசியில் வரைபடமாகக் காட்டும். அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் வீடியோ கேமராக்கள் உண்டு. நின்றுகொண்டிருப்பதாக நாம் நினைக்கும் லைன் திரையில் பாம்பாய் நெளிவதைப் பார்த்தால், அப்புறம் அந்த இடத்தில் சாய்ந்து நிற்க மனம் வராது. எந்தக் கிளை எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போட்டுப் பிரிக்கும் வழிகாட்டி நூலை லண்டனின் எனர்ஜி இன்ஸ்டிடியூட் 2008-இல் விரிவாகப் புதுப்பித்து வெளியிட்டது.

குறைந்துபோனது நடப்பது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே எல்லா அளவும் தெரிவதால், லைனோரம் போகக் காரணம் இல்லாமல் போனது. பராமரிப்பு வேலை ஒப்பந்தத்துக்குப் போனது. ஒப்பந்தம் மாறும்போது ஆளும் மாறுகிறார். ஒரு குழாய் நேற்று எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு இன்று அது ஆடுவது செய்தியே அல்ல. எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவார். உணரியை எங்கே ஒட்டுவது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவைக் கருவி எடுப்பதில்லை. பேரிங்குக்கு உரியவர் இருக்கிறார், வால்வுக்கு உரியவர் இருக்கிறார். இரண்டுக்கும் இடையில் இருக்கும் முக்கால் அங்குலக் குழாய் யாருடையதும் அல்ல.

நான் அறிந்த ஓர் ஆலையில் இதைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைவான எல்லாக் கிளைக்கும் எண் கொடுத்து, மஞ்சள் தகடு கட்டி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்தார்கள். பயன்பாடு இல்லாமல் வெறுமனே நின்றுகொண்டிருந்த பல வென்ட்டுகளை வெட்டி எடுத்து அடைத்துவிட்டார்கள். இல்லாத கிளை உடையாது. டிரைவ் உள்ள பம்புகளை அடியிலிருந்து மேல்வரை மெல்ல வேகமேற்றி, ஒருவர் லைனோரம் நடந்தபடி எந்த வேகத்தில் எது ஆடுகிறது என்று எழுதினார்கள். ஷிஃப்ட் லாக் ஷீட்டில் பேரிங், பிரஷர், டெம்பரேச்சர் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் லைன் என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதில் எண் எழுத வேண்டாம். போய்ப் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும், போனது எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்.